அம்மா கையில் ஊசி இருக்கட்டும்!

‘‘இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா கிளாஸும் கத்திரிக்கோலும்? பேசாம டி.வி. பார்த்துக்கிட்டு உட்காரு!’’

அறுபதைத் தாண்டிய அம்மாவிடம் இப்படிச் சொல்லாத வீடு உண்டா? அக்கறையில்தான் சொல்கிறோம். ஆனால், அவர் மூளைக்கு நாமே ஓய்வு கொடுத்து அனுப்புகிறோம் என்பதை யோசித்தோமா?

அமெரிக்கப் பாட்டிமார்களைப் பாருங்கள். மேலே அலங்காரத் துணி, நடுவே பஞ்சு, அடியில் இன்னொரு துணி... மூன்றையும் சேர்த்துத் தைக்கும் ‘குயில்ட்’ போர்வை என்றால் அங்கே பலருக்கு உயிர். அதற்கென்றே இருக்கும் துணிக்கடைகளில் மேஜை போட்டு வகுப்பும் நடக்கும். வெளியூர் டிசைனர்கள் வந்து ஒருநாள், இரண்டுநாள் தங்கி ‘அப்ளிக்’ வேலை சொல்லிக் கொடுப்பார்கள்.

ஒரு துணியில் பூவையோ இலையையோ வெட்டி, இன்னொரு துணிமேல் வைத்துத் தைப்பதுதான் அப்ளிக். நமக்கொன்றும் புதிதல்ல. பூரி ஜகந்நாதர் தேருக்கு பிப்லி ஊர்க்காரர்கள் செய்வதும், நம் ஊர்த் தேர்களில் தொங்கும் தொம்பையும் இந்த வகைதான்.

‘ப்பூ, இவ்வளவுதானா?’ என்கிறீர்களா? தைத்துப் பாருங்கள்! வெட்டும்போதே சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாக விட வேண்டும். அதை ஊசி முனையாலேயே உள்ளே மடக்கி, நூல் தெரியாமல் தைக்க வேண்டும். உள்வளைவில் சின்னதாக ஒரு வெட்டு கொடுக்காவிட்டால் துணி மடங்காது. இலை நுனி கூர்மையாக வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கை தைக்க, மனசு அடுத்த தையலுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தக் கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. டல்லஸில் உள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் டெனிஸ் பார்க் குழுவினர் 60 முதல் 90 வயது வரையிலான 221 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து, 2014-ல் வெளியிட்டார்கள். சிலருக்கு குயில்ட், சிலருக்கு டிஜிட்டல் போட்டோகிராபி, சிலருக்கு இரண்டுமே கற்றுத் தந்தார்கள். வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம். இன்னொரு குழு கூடிப் பேசி, விளையாடிப் பொழுதைக் கழித்தது. வேறொரு குழு வீட்டிலேயே பாட்டு கேட்பது போன்ற சுலபமான வேலைகளில் இருந்தது. முடிவில், புதுசாகக் கற்றவர்களுக்குத்தான் ஞாபக சக்தி கூடியிருந்தது.

உண்மையை மறைப்பானேன்? அதிகப் பலன் கண்டது போட்டோகிராபி கற்றவர்கள்தான். குயில்ட் மட்டும் கற்றவர்களுக்கு அவ்வளவு இல்லை. ஆக, ஊசியில் மந்திரம் எதுவும் இல்லை. தெரியாத ஒன்றைக் கஷ்டப்பட்டுக் கற்பதில்தான் பலன். முப்பது வருஷமாகப் போட்ட அதே பூவை மறுபடி போடுவது மனசுக்கு இதம்தான். ஆனால், ‘‘இப்படி மடக்குங்க, அப்படித் திருப்புங்க’’ என்று பக்கத்தில் ஒருவர் இருந்து சொல்லித் தருவது வேறு.

‘கண்ணு கெட்டுப் போயிடுமே?’ என்பீர்கள். கெடாது! நாற்பதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்குவது வயதினால், தைப்பதால் அல்ல. கண் டாக்டரிடம் காட்டி சரியான கண்ணாடி போடுங்கள். நல்ல வெளிச்சம் வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடந்து, கழுத்தையும் தோளையும் தளர்த்த வேண்டும். விரல் மரத்துப் போனாலோ, வலித்தாலோ டாக்டரைப் பாருங்கள்.

சர்க்கரை நோயாளி உள்ள வீட்டில் இன்னும் கவனம் தேவை. பாதம் மரத்திருந்தால், தரையில் கிடக்கும் ஊசி குத்தியதுகூடத் தெரியாது. புண்ணாகிச் சீழ் வைத்த பிறகுதான் தெரியும். எழுந்திருக்குமுன் ஊசிகளை எண்ணி டப்பாவில் போடும் பழக்கம் வேண்டும்.

துணிக்கடைக்காரர்களே, மாதம் ஒருநாள் கடையில் ஒரு மேஜையை ஒதுக்குங்களேன்! வெளியூரிலிருந்து ஒரு நல்ல கைவேலைக்காரரை வரவழையுங்கள். துணியும் விற்கும், நாலு பேருக்குப் புண்ணியமும் ஆகும்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. ‘போயிட்டு வாம்மா’ என்று வாயால் சொன்னால் போதாது. வகுப்புக்குப் பணம் கட்டுங்கள். அந்த மூன்று மணி நேரம் பேரன் பேத்திகளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பல அம்மாக்களைத் தடுப்பது வயசல்ல... வீட்டு வேலைதான்!