கோப்பை தாளாளருக்கு, பழி பையனுக்கு

விளையாட்டு விழா மேடையில் கோப்பையோடு யார் நிற்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா தோழர்களே? தாளாளர் நடுவில், முதல்வர் பக்கத்தில், உடற்கல்வி இயக்குநர் ஓரத்தில். ஆடி ஜெயித்த பிள்ளைகள் கீழே முழங்காலிட்டு இருப்பார்கள். அதே அணியில் வயது மோசடி என்றோ போலிச் சான்றிதழ் என்றோ புகார் வந்துவிட்டால் வரிசை தலைகீழாகும். முதலில் மாட்டுவது பையன். அடுத்து, அவனைக் கூட்டிவந்த பி.டி. மாஸ்டர். அதற்கு மேலே விசாரணை ஏறுவதில்லை. சாதியச் சமூகத்தில் வளர்ந்த நமக்கு இது பழகிய கணக்குதான். பெருமை மேலே போகும், பழி கீழே இறங்கும்.

இந்தக் கணக்கை மாற்ற அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஒரு விதி இருக்கிறது. அங்கே ஃபுட்பால் என்பது நம் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். கோடிக்கணக்கில் பணம் புரளும் தொழில். திறமையான பள்ளி மாணவர்களைத் தங்கள் அணிக்கு இழுக்கக் கல்லூரிகள் முட்டி மோதும். காசு, பரிசு கொடுத்து இழுக்கக் கூடாது என்பது கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதியாக இருந்தது. உதவியாளர் யாராவது மீறினால், "எனக்குத் தெரியாது" என்று தலைமைப் பயிற்சியாளர் நழுவிவிடுவார். 2013-ல் இதை இறுக்கினார்கள். கீழே இருப்பவர் செய்த மீறலுக்குத் தலைமைப் பயிற்சியாளரே பொறுப்பு. தான் ஒழுங்காகக் கண்காணித்தேன் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து அந்த வாய்ப்பும் கிடையாது. பொறுப்பு தானாகவே அவர் தலையில் விழும். எவ்வளவு கண்காணித்தார் என்பதைப் பொறுத்துத் தண்டனையின் அளவு மட்டும் மாறும். அதே ஆண்டு ஜூலையில் டென்னசி பல்கலைக்கழக வழக்கில் தீர்ப்பு வந்தது. 200-க்கு மேற்பட்ட மீறல்கள், மாணவர்களுக்கும் குடும்பங்களுக்கும் சுமார் 60,000 டாலர். தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜெரமி ப்ரூட்டுக்கு ஆறு ஆண்டுத் தடை நடவடிக்கை, பல்கலைக்கழகத்துக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் அபராதம்.

அதற்காக அமெரிக்காவைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டாம். ரெஜி புஷ் என்ற கறுப்பின வீரரின் கதையைப் பாருங்கள். தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு ஆடி, 2005-ல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹெய்ஸ்மன் கோப்பையை வென்றவர். முகவராக வர நினைத்தவர்களிடம் அவரும் குடும்பமும் சலுகை பெற்றார்கள் என்று 2010-ல் கோப்பையைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. அவருடைய பயிற்சியாளர் பீட் கேரல், தண்டனை அறிவிப்பு வருவதற்குச் சில மாதம் முன்பே தொழில்முறை அணி ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தார். 2014-ல் சூப்பர் பௌல் பட்டமும் வென்றார். புஷ்ஷுக்குக் கோப்பை திரும்பக் கிடைத்தது 2024-ல். பயிற்சியாளர்கள் கோடிகளில் சம்பளம் வாங்கிய அந்தக் காலத்தில், ஆடிய பிள்ளை தன் பெயரை வைத்து ஒரு காசு சம்பாதித்தாலும் குற்றம். 2021-ல்தான் அந்தத் தடை தளர்ந்தது. ஆகவே, விதியை மீறியது யார் என்று கேட்பதோடு நிற்காமல், விதியை எழுதியது யார் என்றும் கேட்க வேண்டும்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2018 அக்டோபரில் ஐஎஸ்எல் கால்பந்தில், ஜாம்ஷெட்பூர் அணிக்காக பெங்களூருவுக்கு எதிராகக் கோல் அடித்தார் கௌரவ் முகி. வயது 16, தொடரில் கோல் அடித்த மிக இளையவர் என்று கொண்டாடினார்கள். 2015-ல் ஜார்கண்ட் சிறுவர் அணியில் வயது மோசடிப் புகாரில் சிக்கியவர்களில் அவரும் ஒருவர் என்பது உடனே கிளம்பியது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் அவருக்கு ஆறு மாதத் தடை விதித்தது. சரி, சிறுவர் அணிக்கான படிவத்தைச் சிறுவனா நிரப்பி, சரிபார்த்து, முத்திரை குத்துகிறான்? அந்த வழியில் எத்தனை கையெழுத்து விழுந்திருக்கும்? நாட்டுக்கு நினைவிருப்பது அந்தப் பையனின் பெயர் மட்டும். வயது மோசடிக்கு எதிரான தேசிய விதித்தொகுப்பு 2010-லிருந்தே இருக்கிறது. உடந்தையாக இருக்கும் பயிற்சியாளர்கள், அலுவலர்களுக்கும் தண்டனை என்று 2025-ல் வந்த புதிய வரைவு பேசியது. பேச்சு, கல்லூரி வாசல் வரை வர வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஆள் பிடிப்பது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ராஜபாளையம் நூல் மில்லுக்கும் சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிக்கும் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள்தான் எங்கள் காலனி மைதானங்களில் ஆடுகிறார்கள். மாவட்டப் போட்டியில் ஒரு பையன் கண்ணில் படுகிறான். "படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் ஃப்ரீ" என்று வாய்ச்சொல். தாளில் ஒரு வரி கிடையாது. நான் கையாண்ட ஒரு விஷயத்தில், இரண்டாம் ஆண்டில் முழங்கால் தசைநார் கிழிந்து அணியிலிருந்து பையன் விலக்கப்பட்டான். அடுத்த மாதமே கட்டண பாக்கி என்று நோட்டீஸ். மதிப்பெண் சான்றிதழும் டி.சி.யும் கல்லூரிப் பெட்டியில். போய்க் கேட்டால், "அது பி.டி. சொன்னது, நிர்வாகத்துக்குத் தெரியாது" என்றார் முதல்வர். "மேலே கேட்டுத்தான் கூட்டிவந்தேன்" என்றார் பி.டி. அவரே ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர், அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

இதில் பெரிய மோசடி வேறு. பெற்றோரின் ஆண்டு வருமானம் அரசு வைத்த வரம்புக்குள் இருந்தால், பட்டியல் சாதி, பழங்குடி, மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறித்தவ மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களை அரசு ஏற்கும் என்று 2012-லேயே அரசாணை எண் 92 வந்துவிட்டது. அந்தப் பையனின் பெயர் உதவித்தொகைப் பட்டியலில் இருந்தது. அவனுக்குச் சேர வேண்டிய உரிமையை, தாங்கள் போட்ட தர்மம் போலக் காட்டி ஆட வைத்திருக்கிறார்கள். அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று 2018-ல் யுஜிசி அறிவித்ததும் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

'மேலே' என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல. அருப்புக்கோட்டைக் கல்லூரி மாணவிகளைப் பல்கலைக்கழக உயர் பொறுப்பில் இருப்பவர்களுக்காகத் தவறான பாதைக்கு அழைத்த ஒலிப்பதிவு 2018-ல் வெளிவந்தது. 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் உதவிப் பேராசிரியை நிர்மலா தேவிக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. குற்றம் சாட்டப்பட்ட மற்ற இருவரும் விடுவிக்கப்பட்டார்கள். நிரூபிக்கப்படாதவரை யாரையும் குற்றவாளி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒலிப்பதிவில் வந்த அந்த 'மேலிடம்' யார் என்ற கேள்விக்குப் பொதுமக்களுக்கு விடை கிடைக்கவில்லை.

உதவியாளர் செய்யும் ஒவ்வொரு தப்புக்கும் தலைவர் எப்படிப் பொறுப்பாவார் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கூரை ஏறித் திருடியவனுக்கும் கதவைப் பூட்டாதவருக்கும் ஒரே தண்டனை கேட்கவில்லை. ஆனால் பூட்டும் சம்பளமும் அவர் கையில் இருக்கும்போது, "தெரியாது" என்பது தப்பிக்கும் வழியாகக் கூடாது; தெரிந்துகொள்வதுதான் அவர் வேலை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-வது பிரிவு, வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியரைத் தண்டிக்கச் சொல்வதும் இதே நியாயத்தில்தான். பி.டி. மாஸ்டரை மட்டும் வேலையைவிட்டுத் துரத்துவது நீதியும் ஆகாது. 2012-ல் அரசுப் பள்ளிகளில் பகுதி நேர உடற்கல்வி ஆசிரியர்களை 5,000 ரூபாய்க்கு எடுத்த நாடு இது. அந்த நிலையில் இருப்பவர், நிர்வாகம் சொல்வதை எப்படி மறுப்பார்?

சேர்க்கை தொடங்கும்போது நாம் செய்ய வேண்டியவை சில உண்டு. விளையாட்டுச் சேர்க்கையில் வரும் ஒவ்வொரு வாக்குறுதியும் முதல்வர் கையெழுத்தோடு தாளில் வேண்டும். காயம் பட்டாலும் படிப்பு முடியும்வரை இடமும் விடுதியும் தொடரும் என்ற வரி அதில் இருக்க வேண்டும். போலி ஆவணம் பிடிபட்டால், பையனைத் தடை செய்யும் அதே உத்தரவில், படிவத்தில் கையெழுத்திட்ட தலைவர் மீதும் விசாரணை வர வேண்டும். இதைப் பல்கலைக்கழகங்களிடமும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடமும் மனுவாகக் கொடுப்போம். அதுவரை உங்கள் ஊரில் யாராவது "எல்லாம் ஃப்ரீ" என்று ஒரு தம்பியையோ தங்கையையோ கூப்பிட்டால், கூடவே போங்கள். "எழுதிக் கொடுங்கள் சார்" என்று கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், அந்த நாளையும் மறுத்தவர் பெயரையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.