கம்பைலர் பெயரைக் கல்லில் வெட்டலாமா?



பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் புத்தகத்தைக் கையில் எடுங்க. 2019-ல் வந்த பதிப்பில் 14-ஆம் பாடம். பைத்தானிலிருந்து ஒரு சி++ நிரலை எப்படி இயக்குவது என்று சொல்லித் தருகிறார்கள். அதில் ‘ஓஎஸ்.சிஸ்டம்’ என்று ஒரு வரி வரும். அந்த வரிக்குள்ளே ‘ஜி++’ என்ற கம்பைலரின் பெயர் மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதியிருக்கும். அந்த ஒரு பெயரைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன். “ஒரு பேருக்கு ஒரு கட்டுரையா?” என்று சிரிக்காதீங்க. விஷயம் இருக்கு!

நாம் எழுதும் சி++ நிரல் கம்ப்யூட்டருக்குப் புரியாது. கம்பைலர்தான் அதை இயந்திர மொழியாக மாற்றுகிறது. ஆனால் எல்லா இயந்திரத்துக்கும் ஒரே மொழி கிடையாது. மேஜைக் கம்ப்யூட்டரில் இருக்கும் இன்டெல் சில்லுக்கு ஒரு மொழி. செல்போனில் இருக்கும் ஆர்ம் சில்லுக்கு வேறு மொழி. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையில் வடிவமைத்த ‘சக்தி’ சில்லுக்கு இன்னொரு மொழி. அதன் பெயர் ரிஸ்க்-ஃபைவ். 2018-லேயே சக்தி சில்லு ஒன்று சண்டிகரில் உள்ள நம் நாட்டுத் தொழிற்கூடத்தில் தயாரானது. இன்டெல்லுக்குச் செய்த ஃபைலைச் சக்தியில் போட்டால் ஓடவே ஓடாது.

“அப்ப சக்தி போர்டிலேயே கம்பைலரைப் போட்டுக்கலாமே?” என்று கேட்கலாம். சின்ன போர்டில் அதற்கு நினைவகம் பத்தாது. அதனால் நிரலைப் பெரிய கம்ப்யூட்டரில் தயார் செய்து, சின்ன போர்டுக்கு மாற்றுகிறார்கள். இதற்குப் பெயர் கிராஸ் கம்பைலிங்.

இது நமக்குப் புதுசா என்ன? நாத்தை நாற்றங்காலில் விடுகிறோம். அங்கேயே அது கதிர் விடுவதில்லை. பறித்து, முடி கட்டி, வேறு வயலில் நடுகிறோம். வளர்கிற இடம் ஒன்று, விளைகிற இடம் ஒன்று. கிராஸ் கம்பைலிங்கும் இதே கதைதான்!

சரி, எந்த விதை? குறுவை என்றால் ஆடுதுறை 43 மாதிரி, 110 நாளில் அறுப்புக்கு வரும் ரகம். மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறக்காமல் தள்ளிப் போனால், பலர் குறுவையை விட்டுவிட்டு, ஐந்து மாதம் நிற்கும் சி.ஆர். 1009 மாதிரி ரகத்தைச் சம்பாவுக்கு எடுக்கிறார்கள். வயல் அதேதான். ரகம் அந்த வருஷத்து நிலைமையைப் பார்த்து முடிவாகிறது. “இந்த வயலில் ஆடுதுறை 43 மட்டும்தான்” என்று வரப்பில் கல்வெட்டு வைப்பவர் யாராவது உண்டா?

நிரலில் மட்டும் நாம் கல்வெட்டு வைக்கிறோம். ‘ஜி++’ என்று உள்ளே எழுதிவிட்டால் அது எப்போதும் இந்த இயந்திரத்துக்குத்தான் விளையும்.

இதற்கு உலகம் முழுக்க ஒரு வழக்கம் இருக்கிறது. கம்பைலரின் பெயரை நிரலில் எழுதாமல், வெளியே ஒரு சூழல் மாறியில் வைப்பார்கள். சி மொழிக்கு ‘சிசி’ என்ற மாறி. சி++ மொழிக்கு ‘சிஎக்ஸ்எக்ஸ்’ என்ற மாறி. ‘சிஎக்ஸ்எக்ஸ் = ரிஸ்க்வி64-லினக்ஸ்-ஜிஎன்யூ-ஜி++’ என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினால் ரிஸ்க்-ஃபைவுக்கு ஃபைல் தயார். மாறியை எடுத்துவிட்டால் பழையபடி இன்டெல்லுக்கு. நிரலில் ஓர் எழுத்தைக்கூடத் தொட வேண்டியதில்லை! லினக்ஸ் கெர்னலிலும் ‘கிராஸ்_கம்பைல்’ என்ற மாறியில் அந்தப் பெயரின் முன்பகுதியை மட்டும் கொடுத்தால் போதும்.

ஒரு நுணுக்கம். கட்டும் வேலை நடக்கும்போதே சில குட்டி நிரல்கள் இங்கேயே ஓட வேண்டியிருக்கும். அவற்றையும் சக்திக்குச் செய்துவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடும். நாற்றங்காலுக்கு நீர் பாய்ச்சும் ஆள் நாற்றங்காலில்தானே நிற்க வேண்டும்? அதனால்தான் கெர்னலில் ‘ஹோஸ்ட்சிசி’ என்று தனியாக இன்னொரு மாறி. இங்கே ஓடுவதற்கு ஒரு கம்பைலர், அங்கே ஓடுவதற்கு ஒரு கம்பைலர்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். பாடத்தில் ‘ஜி++’ என்று இருக்கும் இடத்தில் ஓஎஸ்.என்விரான்.கெட்(‘சிஎக்ஸ்எக்ஸ்’, ‘ஜி++’) என்று எழுத வேண்டும். மாறி இருந்தால் அதை எடுத்துக்கொள், இல்லாவிட்டால் ஜி++ போதும் என்று அர்த்தம். யாருடைய பழைய நிரலும் கெடாது. செலவும் இல்லை. அதோடு, பாடத்தில் கம்பைல் செய்த கையோடு அடுத்த வரியிலேயே அந்த ஃபைலை ஓட்டுகிறார்கள். இந்த இரண்டு வேலைகளையும் பிரிக்க வேண்டும். சக்திக்குச் செய்த ஃபைலை இங்கே ஓட்டினால் பிழைச் செய்திதான் வரும்.

“பரீட்சைக்கு வராததை எதுக்குப்பா படிக்கணும்?” என்று சிலர் கேட்பார்கள். சக்தி சில்லைச் சென்னையில் வடிவமைத்துவிட்டார்கள். அதில் ஓடும் நிரலை யார் எழுதுவது? வாய்க்காலில் நீர்மட்டம் பார்க்கும் கருவியை நாளை ஒரு திருவையாற்றுப் பிள்ளை செய்ய வேண்டாமா? ‘ரன்’ பொத்தானை அமுக்க மட்டும் தெரிந்தவரால் அது முடியாது.

“மாறி கண்ணுக்குத் தெரியாதே, ஒரு கம்ப்யூட்டரில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் ஆகிவிடுமே” என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. என் பதில்: கம்பைல் செய்வதற்கு முன்னால், எந்தக் கம்பைலர் என்று பிரிண்ட் செய்யும் ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். விதை மூட்டையில் ரகத்தின் பெயர்ச் சீட்டு கட்டுவதில்லையா? அது மாதிரி.

உபுண்டு லினக்ஸில் இந்த ரிஸ்க்-ஃபைவ் கம்பைலர் இலவசமாகவே கிடைக்கிறது. கையில் போர்டு இல்லாவிட்டாலும் கியூஎமு என்ற இலவச மென்பொருளில் ஓட்டிப் பார்க்கலாம். லேபில் ஒரு கம்ப்யூட்டர் போதும், ஒரு பீரியட் போதும். ஆசிரியர்கள் அனுமதி தரட்டும். நாம் ஆளுக்கொரு வரியை மாற்றிப் பார்ப்போம்!