பி.ஏ. படித்தவர் கணக்கு படிக்கக் கூடாதா?

ஒன்றிய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விதிகளில் நீண்ட காலமாக ஒரு வரி இருக்கிறது. ஒரு கல்வி நிலையை முடித்தவர் அதே நிலையில் வேறு பாடம் படித்தால் அவருக்கு உதவித்தொகை கிடையாது என்கிறது அது. விதியே உதாரணமும் தருகிறது: பி.ஏ. முடித்தவர் பி.காம். படித்தால் கிடையாது, ஒரு எம்.ஏ. முடித்தவர் இன்னொரு பாடத்தில் எம்.ஏ. படித்தாலும் கிடையாது. எத்தனையோ உதாரணங்கள் இருக்க, பி.ஏ.விலிருந்து பி.காம். போகிறவரைத்தான் டெல்லிக்காரர்கள் தேடிப் பிடித்து எழுதி வைத்திருக்கிறார்கள். பார்த்ததும் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது.

செஞ்சிப் பக்கத்துக் காலனியிலிருந்து பி.ஏ. வரலாறு முடித்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வரலாற்றை விரும்பி எடுத்தாரா? பிளஸ் டூவில் என்ன குரூப் கிடைத்தது, திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ எத்தனை மணிக்கு பஸ், எந்தத் துறையில் இடம் மிச்சமிருந்தது, விடுதியில் இடம் கிடைத்ததா: இவைதான் அவருடைய பட்டத்தை முடிவு செய்தன. பதினேழு வயதில் யாரோ நிரப்பிக் கொடுத்த விண்ணப்பம் அது. இருபத்து மூன்று வயதில், ஜவுளிக்கடை கவுண்டரில் நின்றுகொண்டு, கணக்கியல் படித்தால் ஒரு வழி பிறக்கும் என்று அவராகவே யோசிக்கிறார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சொந்தமாக எடுக்கும் முடிவு அதுதான். அங்கேதான் விதி குறுக்கே நிற்கிறது.

சரி, பி.காம். மறுபடி வேண்டாம், நேராக எம்.காம். போகலாமே என்பீர்கள். எம்.காம். மேல்நிலைப் படிப்பு, 'அதே நிலை' விதி அங்கே பாயாது. ஆனால் அந்தக் கதவில் வேறு பூட்டு. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் எம்.காம். சேர்க்கை விதிகள் பெரும்பாலும் பி.காம். அல்லது அதை ஒட்டிய பட்டத்தைத்தான் கேட்கின்றன. ஆக, எம்.காம். வேண்டுமென்றால் பி.காம். படித்திருக்க வேண்டும், பி.காம். படிக்கலாமென்றால் ஏற்கெனவே பி.ஏ. படித்தாயிற்று, பணம் தர மாட்டோம். ஒரு விதி பல்கலைக்கழகத்தினுடையது, இன்னொன்று சமூக நீதி அமைச்சகத்தினுடையது. இரண்டும் சேர்ந்து பேசி வைத்துச் செய்ததல்ல. பேசி வைத்துச் செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்த விதியால் ஒன்றுமில்லை. என்ஜினீயரிங் முடித்துவிட்டு, பிடிக்கவில்லை என்று சொல்லி, அப்பா காசில் வேறு படிப்பு படிப்பார். அதற்குத் 'தன்னைத் தேடிக் கண்டடைந்தார்' என்று பேட்டி போடுவார்கள். நம் பிள்ளை அதையே செய்தால் 'அரசுப் பணத்தை வீணாக்குகிறார்'. ஆஸ்திரேலியாவில் வேறு துறைப் பட்டதாரிகள் கணக்கியலுக்கு மாறுவதற்கென்றே 'மாஸ்டர் ஆஃப் புரொஃபஷனல் அக்கவுண்டிங்' என்ற முதுநிலைப் படிப்பு இருக்கிறது. அடிப்படையிலிருந்து தொடங்கி, கணக்காளர் அமைப்புகள் ஏற்கும் அளவுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். துறை மாறுவது அங்கே குற்றமல்ல, அதற்கென ஒரு பாடத்திட்டமே இருக்கிறது.

ஒருவருக்கே இரண்டு முறை கொடுத்தால் அடுத்தவருக்கு எங்கே போவது என்று ஒரு கேள்வி வரும். நம்மவர்களே கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் கணக்குப் போட்டுவிட்டுக் கேட்க வேண்டும். 2012இல் தமிழ்நாடு அரசு அரசாணை 92 போட்டது. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்றது. நல்ல ஆணை, அதற்காகப் போராடியவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது? கல்லூரி முதலாளிகளிடம். நான்கு ஆண்டு மெக்கானிக்கல் படித்த நம் தம்பி இன்று ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாகக் கன்வேயர் முன் நிற்கிறான். முதலாளிக்கு நான்கு ஆண்டு கொட்டிக் கொடுத்த அரசுக்கு, அவன் அரசுக் கல்லூரியில் இரண்டு ஆண்டு கணக்கியல் படிக்கும்போது சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் கொடுக்க முடியாதா? 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை இந்த உதவித்தொகைக்கு ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் என்று அறிவித்தது, ஒன்றியம் 60, மாநிலம் 40 என்ற பங்கில். கருவூலம் மூழ்கப்போவது துறை மாறும் சில ஆயிரம் பேராலா?

இதற்கு மேல் ஒரு விஷயம் இருக்கிறது. ஏன் கணக்கு? சட்டம் படிக்கலாம், இதழியல் படிக்கலாம், நம் இயக்கத்தில் அதைத்தானே எல்லோரும் சொல்கிறோம்?

செஞ்சிக் கோட்டைக்குப் போகாத மாணவர் இந்தப் பக்கத்தில் இருக்க மாட்டார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை மராட்டியர் ராணுவக் கோட்டைகளின் வரிசையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பன்னிரண்டு கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். எல்லோரும் தேசிங்கு ராஜாவின் குதிரையைப் பற்றிப் பேசுகிறார்கள். 1714இல் அவன் ஆற்காட்டு நவாப்போடு மோதி இறந்ததற்குப் பின்னால் இருந்தது கட்டாத கப்பப் பாக்கி, அதாவது ஒரு கணக்குத் தகராறு. ராஜகிரி அடிவாரத்து நெற்களஞ்சியத்தைப் பாருங்கள். அத்தனை பெரிய களஞ்சியம் இருந்தால் அளப்பவன் ஒருவன் இருந்திருப்பான், எழுதுபவன் ஒருவன் இருந்திருப்பான், மூட்டை சுமப்பவனும் இருந்திருப்பான். இந்த மூவரில் நாம் யாராக வைக்கப்பட்டிருப்போம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

கிராமத்தில் அது இன்னும் அப்பட்டமாக இருந்தது. கர்ணம், கணக்குப்பிள்ளை என்பது பரம்பரைப் பதவி. 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதைப் பரம்பரைச் சொத்தாகவே ஆக்கி வைத்திருந்தது. பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் அந்த வீட்டுப் பெட்டியில். வெட்டியான் வேலை நமக்கு. எல்லைக்கல்லைக் காட்டுவோம், தண்டோரா போடுவோம், ஆனால் அந்தக் கல் எந்தப் புல எண்ணில் யார் பெயரில் எழுதப்பட்டது என்று படித்துப் பார்க்க முடியாது. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து வந்த பஞ்சமி நிலங்கள் எப்படிக் கைமாறின? எல்லா இடத்திலும் அடியாள் வந்து பிடுங்கவில்லை. பல இடங்களில் பேனாவே போதுமானதாக இருந்தது. விற்கக் கூடாத நிலம் கணக்கில் வேறு வகையாக மாறியது, வேறு பெயரில் பட்டா ஆனது. நம் தாத்தா உழுதுகொண்டே இருந்தார். கணக்கில் அவர் எப்போதோ காணாமல் போயிருந்தார்.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் அந்தக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1982இல் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அதன் பிறகுதான் தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர் என்ற ஆள் ஊருக்குள் நுழைந்தார், இடஒதுக்கீட்டில் நம்மவரும் நுழைந்தார். அரசுக் கணக்கில் பரம்பரை ஒழிந்து நாற்பது ஆண்டுகள் தாண்டிவிட்டன. தனியார் கணக்கில்?

செஞ்சி நெல் வணிகத்துக்குப் பேர் போன ஊர். ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், அரிசி ஆலைகள், உரக்கடைகள், நகைக்கடைகள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு சின்னக் கடைக்கும் மாதாமாதம் கணக்கு பார்க்க ஆள் வேண்டும். வேலை இருக்கிறது. ஆனால் கல்லாப்பெட்டிக்கும் கணக்குக்கும் 'நம்ம ஆளு' வேண்டும் என்பது எழுதப்படாத விதி. பெயரில் சாதி இல்லாத தமிழ்நாட்டில் பெயரைக் கேட்க மாட்டார்கள், "எந்த ஊரு? ஊர்லயா, காலனியா?" என்று கேட்பார்கள். 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் ஆட்டவெல்லும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே தகுதியோடு விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள், பெயர்களை மட்டும் மாற்றி. தலித் பெயருக்கு அழைப்பு குறைந்தது. 2012இல் இந்தியாவின் ஆயிரம் பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்தவர்கள், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 விழுக்காடுதான் என்று கண்டார்கள். டேலி கற்றுக்கொண்டால் வேலை என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. மூன்று மாத டேலி சான்றிதழோடு போகிறவரை 'வேண்டாம்' என்று அனுப்புவது சுலபம். ரிட்டர்னில் கையெழுத்துப் போடும் தகுதியுள்ளவரை அனுப்புவது அவ்வளவு சுலபமில்லை. அவர் எதிர்ச்சாரியில் சொந்தமாக ஆபீஸ் போட்டுவிடுவார்.

அதனால்தான் முழுப் படிப்பு என்கிறேன். பாபாசாகேப் வாழ்க்கையையும் இந்தக் கோணத்தில் ஒருமுறை பாருங்கள். அவர் முதலில் பொருளாதாரக்காரர். 1918இல் பம்பாய் சிடன்ஹாம் வணிகக் கல்லூரியில் பேராசிரியர். 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றிய நூல், 1925இல் மாகாண நிதி பற்றிய நூல். இடையில் சட்டம் படித்து பாரிஸ்டர். 1925 முதல் 1928 வரை பம்பாயில் பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். கணக்காளராகப் போகிறவர்களுக்குப் பாடம் எடுத்த மனிதர் அவர். மகத் குளத்துக்கு ஊர்வலம் போன 1927 அந்த ஆண்டுகளுக்குள்தான் வருகிறது. அரசியல் நிர்ணய சபையில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பதவி பற்றிப் பேசும்போது, அரசமைப்பின் கீழ் அதைவிட முக்கியமான அதிகாரி இல்லை என்ற பொருளில் வாதிட்டவரும் அவரே. படத்தில் அவர் கையில் இருப்பது அரசமைப்புச் சட்டம் மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் இயக்கங்களில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், கவிஞர்கள் தேவைக்கு மேலேயே இருக்கிறார்கள். ஒரு பஞ்சாயத்தின் வரவு செலவைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தனித் தொகுதியில் நம் பெண் தலைவராக வந்தால், துணைத்தலைவர் பதவி யாரிடம் போகும் என்பது செஞ்சி ஒன்றியத்தில் யாரைக் கேட்டாலும் தெரியும். அவர் கையெழுத்துப் போட மறுத்தே ஐந்து ஆண்டையும் ஓட்டிவிடலாம், அல்லது புரியாத பில்லில் கையெழுத்து வாங்கி நம்மவரை மாட்டிவிடலாம். 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஒதுக்கிய பணம் நம் தெருவுக்கு வந்ததா என்று பார்க்க முழக்கம் போதாது, பட்ஜெட் புத்தகத்தின் தலைப்புகளைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

இப்போதைக்கு இருக்கும் வழிகளைச் சொல்லிவிடுகிறேன். இக்னோவின் எம்.காம்.இல் பிற துறைப் பட்டதாரிகளும் சேரலாம். சி.ஏ.வில் பட்டதாரிகள் நேரடியாக இன்டர்மீடியட்டுக்குப் பதியலாம். வணிகவியல் பட்டதாரிக்கு 55 விழுக்காடு, மற்றவர்களுக்கு 60. தமிழ்வழியில் படித்து 52 வாங்கிய முதல் தலைமுறைப் பிள்ளை இங்கேயே நின்றுவிடுகிறது. தாண்டினாலும் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், இந்தியில் எழுதலாம், தமிழில் எழுத முடியாது. (இந்தித் திணிப்பு பற்றி மேடை போடுகிறவர்கள் இதை ஏன் பேசுவதில்லை என்று தெரியவில்லை.) அப்புறம் ஆர்ட்டிகிள்ஷிப், அதற்கு ஆடிட்டர் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். சி.எம்.ஏ. இன்டர்மீடியட்டுக்கு ஏறக்குறைய எந்தப் பட்டதாரியும் பதியலாம். தாட்கோ இந்தப் படிப்புகளுக்குப் பயிற்சி அறிவிப்புகள் வெளியிட்டிருக்கிறது. மாவட்ட மேலாளர் அலுவலகத்தில் கேளுங்கள், போனில் கேட்காமல் நேரில் போய்க் கேளுங்கள். தொலைநிலைப் படிப்பில் சேருமுன் யு.ஜி.சி. அங்கீகாரப் பட்டியலைப் பாருங்கள். 2022 மார்ச்சில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகள் பற்றி யு.ஜி.சி. எச்சரிக்கை விட்டபோது, நம் மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் பட்டத்தை வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆனால் இவையெல்லாம் தனியாளாகச் சுவரேறிக் குதிக்கும் வழிகள். நாம் கேட்க வேண்டியது கதவு. 2022இல் செஞ்சிக்கு அரசு கலை அறிவியல் கல்லூரி வந்தது. அங்கேயோ, திண்டிவனம் அல்லது விழுப்புரம் அரசுக் கல்லூரியிலோ, எந்தப் பட்டதாரியும் சேரக்கூடிய இரண்டாண்டு முதுநிலைக் கணக்கியல் தொடங்கட்டும். முதல் அரையாண்டு அடிப்படைப் பாடம், தமிழிலும் ஆங்கிலத்திலும். மாலை வகுப்பு, வேலைக்குப் போகிறவர்களுக்காக. அது முதுநிலைப் படிப்பு என்பதால் பி.ஏ., பி.எஸ்சி., பி.இ. படித்தவருக்கு உதவித்தொகை விதியும் தடையாகாது. ஏற்கெனவே எம்.ஏ. முடித்தவருக்குத்தான் அது மறுபடி தடுக்கும். அந்த வரியை நீக்கச் சொல்லி ஒன்றிய அமைச்சகத்திடம் தனியாகச் சண்டை போட வேண்டும். மாநில அரசு தன் பங்குக்கு ஓர் அரசாணை போட்டு அந்த இடைவெளியை நிரப்பலாம். 92ஐப் போட்ட துறைக்கு இது புதிதல்ல.

திங்கட்கிழமை விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள். மனுவோடு போகும்போது கையில் இன்னொரு தாளும் இருக்கட்டும், ஆதிதிராவிடர் நலத்துறைக்கு ஒரு தகவல் உரிமை விண்ணப்பம், கட்டணம் 10 ரூபாய். கேட்க வேண்டியவை மூன்று: கடந்த ஐந்து ஆண்டுகளில் 'அதே நிலைப் படிப்பு' என்று காரணம் காட்டி நம் மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனை, அவர்கள் எந்தப் படிப்பிலிருந்து எந்தப் படிப்புக்குப் போக முயன்றார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர். 30 நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் நகல் எடுத்து எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.