சிபிலுக்கு அப்பால் மூன்று ஏடுகள்

மாட்டுங்காவிலிருந்து வீட்டுக்கடன் கேட்டு வருபவராயினும், செம்பூரிலிருந்து மகளின் கல்விக்கடனுக்காக வருபவராயினும், எங்கள் எதிரே அமர்ந்தவுடன் கேட்கும் முதற்கேள்வி, “சிபில் எவ்வளவு இருக்க வேண்டும்?” என்பதே. ஒரு நிறுவனத்தின் பெயர் பொதுப்பெயராகிவிட்டது. 2000ஆம் ஆண்டில் தொடங்கி நெடுங்காலம் தனித்து நின்றதால் அதற்கு வாய்த்த பெருமை அது. ஆனால், 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் ரிசர்வ் வங்கியின் அனுமதியுடன் இயங்குபவை நான்கு. டிரான்ஸ்யூனியன் சிபில் தவிர, எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகியவையும் உங்கள் தவணைகளைக் கணக்கெழுதி வருகின்றன. நான்குக்கும் நம் மும்பையிலேயே அலுவலகம் உண்டு.

இவற்றுள் கிரிஃப் ஹைமார்க்கைத் தாராவி வாசகர்கள் தனியே அறிந்திருப்பது நல்லது. 2010இல் ஆந்திரத்தில் நுண்கடன் துறை பெரும் நெருக்கடிக்கு உள்ளானது. ஒரே குடும்பம் பல நிறுவனங்களிடம் கடன்பட்டிருந்தும், ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாத நிலை அப்போது வெளிப்பட்டது. அதையடுத்து நுண்கடன் தகவல்களைத் திரட்டுவதில் முன்நின்ற நிறுவனம் ஹைமார்க். இத்தாலியின் கிரிஃப் நிறுவனம் பின்னரே அதை வாங்கியது.

நுண்கடன் நிறுவனத்திடம் பெண்கள் குழுவாகச் சேர்ந்து பெறும் நாற்பதாயிரம் ரூபாயை, ‘குழுவின் கடன்தானே’ என்று எளிதாக எண்ணுவோர் உளர். அது அவரவர் பெயரில் தனித்தனியே பதிவாகிறது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஆண்டு வருமானம் மூன்று லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக்கு நுண்கடன் வழங்கும்போது, அக்குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது. கணக்கு குடும்பத்துக்கு உரியது. ஆகவே, அடைத்து முடித்த கடன் ஏட்டில் நிலுவையாக நின்றுவிட்டால், மனைவிக்கு மட்டுமின்றிக் கணவருக்கும் அடுத்த கடன் சுருங்கும்.

ஜாமீனும் அவ்வாறே. ஊர்க்காரர் என்ற உரிமையில் இட்ட கையெழுத்து, இட்டவரின் அறிக்கையிலும் ஏறும். அசலில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து முடித்த கடன், முழுதும் அடைத்த கடனாகக் காட்டப்படுவதில்லை. கைப்பேசியைத் தவணையில் வாங்கியதும் பதிவாகும்.

பதிவாகாதவையும் உண்டு. சேமிப்பு இருப்பு, வைப்புத்தொகை, சம்பளம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் கணக்கில் இடமில்லை. சேமிப்புக் கணக்கைச் சரிவர நடத்தாதோரைக் குறித்துவைக்கவே தனி நிறுவனங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன; இங்கு இந்த நான்கின் வேலை அதுவன்று. தெருவுக்குள் நடக்கும் சீட்டும் இவற்றின் கண்ணில் படாது. இருபது ஆண்டுகள் ஒரு மாதமும் தவறாமல் சீட்டுப் பணம் கட்டிய தோல் பட்டறைக்காரர், வங்கிக்கு வரும்போது வரலாறே இல்லாதவராக நிற்கிறார். கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதன்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. அத்தகையவரிடம் கணக்கின் வரவுசெலவையும், மின்கட்டண ரசீதையும், கடை வாடகையையும் கேட்டுப் பார்ப்பது எங்களைப் போன்ற அலுவலர்களின் கடமை என்றே கருதுகிறோம். திரையில் எண் தெரியவில்லை என்று கோப்பை மூடுவது சோம்பல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். “மதிப்பெண் போதாது” என்பது வாடிக்கையாளருக்குத் தரும் பதிலாகாது. எந்த நிறுவனத்தின் அறிக்கை, அதில் எந்தக் கடன், எத்தனை நாள் தாமதம் என்று சொன்னால்தான் அவரால் எதையும் திருத்த முடியும். கடன் கொடுத்தவர்கள் நான்கு நிறுவனங்களுக்கும் விவரம் அனுப்பக் கடமைப்பட்டவர்கள். ஆயினும் பெயரின் எழுத்து, பழைய முகவரி போன்றவற்றின் வேறுபாட்டால் நான்கு அறிக்கைகளும் எப்போதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிபிலில் திருத்தம் வந்துவிட்டது என்பதால் ஈக்விஃபாக்ஸிலும் வந்திருக்கும் என்று கொள்ளலாகாது.

ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர நான்கு நிறுவனங்களும் கடமைப்பட்டவை. ஒரே நாளில் நான்கையும் வாங்காமல், காலாண்டுக்கு ஒன்றாக அந்நிறுவனங்களின் சொந்த இணையதளத்தில் பெறுங்கள். ஆண்டு முழுவதும் கண்காணித்ததாகும். பிழை இருப்பின் எழுத்தில் முறையிடுங்கள். முப்பது நாட்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால், நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு உண்டு என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்பின்னும் தீராவிட்டால், 2022 செப்டம்பர் முதல் இந்நிறுவனங்களும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் திட்டத்துக்கு உட்பட்டவை. அங்கு முறையிடக் கட்டணம் கிடையாது. மதிப்பெண்ணை உயர்த்தித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் இடைத்தரகரால், உண்மையான பதிவு ஒன்றையும் அழிக்க இயலாது.