காலையில் தொள்ளாயிரம்... சாயந்தரம் ஆயிரம்!



விடியற்காலை நாலு மணிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பக்கம் போயிருக்கிறீர்களா? மல்லிகை மூட்டை பிரிக்கிற வாசனையில் தூக்கமெல்லாம் பறந்துவிடும். ஆனால் அங்கே பூவோடு சேர்ந்து இன்னொரு சரக்கும் கைமாறுகிறது. அதற்கு வாசனை கிடையாது. அதுதான் வட்டிப் பணம்!

கையில் முதல் இல்லாத ஒரு பூக்கார அம்மாவை எடுத்துக்கொள்வோம். காலையில் 900 ரூபாய் வாங்குகிறார். பூ வாங்கி, கட்டி, தெருத்தெருவாக விற்று, சாயந்தரம் 1000 ரூபாயாகத் திருப்பிக் கொடுக்கிறார். "நூறு ரூபா தானேப்பா" என்று தோன்றும். வருஷத்தில் 300 நாள் இப்படி வாங்கினால் வட்டி மட்டும் 30,000 ரூபாய். முதல் எவ்வளவு? அதே 900! முப்பதாயிரம் கட்டிய பிறகும் மறுநாள் காலையில் அந்த அம்மா கை நீட்டித்தான் நிற்க வேண்டும்.

அடுத்தது தண்டல். கையில் தருவது 8,500. தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "பத்தாயிரத்துக்கு 1,500 பிடித்தம், 15 சதவீதம்தான்" என்பார் கொடுத்தவர். நாம் முதலாண்டில் கணக்குப் பாடம் படித்தவர்கள் அல்லவா? அதை இங்கே போட்டுப் பார்ப்போம். கடன் பாக்கி முதல் நாள் 8,500, நூறாவது நாள் பூஜ்யம். வரைபடம் போட்டால் ஒரு முக்கோணம். சராசரியாக நம் கையில் இருந்த பணம் அதில் பாதி, அதாவது 4,250. அதற்கு நூறு நாளில் 1,500 வட்டி என்றால் 35 சதவீதம். வருஷக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 129 சதவீதம்! பதினைந்து என்று சொன்னது நூற்றிருபத்தொன்பதாக ஆன கதை இதுதான். இந்த முக்கோணத்தைப் போடத் தெரியாததால்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் ஏமாறுகிறார்கள். தெரிந்த நாம் வாய்மூடி இருக்கலாமா?

சட்டம் இல்லையா?

இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே அதீத வட்டி வசூலிப்பதைத் தடை செய்யும் சட்டம் வந்தது. நாள் வட்டி, மணி நேர வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே தடுத்தது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம் என்றது. அப்படியிருந்தும் 2017 அக்டோபர் 23ஆம் தேதி திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்து வட்டிக் கொடுமை என்று மனு மேல் மனு கொடுத்த ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் தீயில் கருகியது. கணவன், மனைவி, இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகள். அந்தச் செய்தியைப் படித்த யாருக்கு மனசு ஆறும்?

சட்டம் வேலி. ஆனால் வேலி போட்டால் மட்டும் பயிர் விளையாது. காலை நாலு மணிக்கு 900 ரூபாய் வேறு எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாத வரை வட்டிக்காரர் வந்துகொண்டேதான் இருப்பார். தெருவோர வியாபாரிகளுக்குக் கடன் தரும் மத்திய அரசுத் திட்டம் 2020ல் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் அந்த வரிசையில் நிற்கத் தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இஸ்லாம் என்ன சொல்கிறது?

நம் வகுப்பு முஸ்லிம் நண்பர்கள், "எங்க மார்க்கத்துல வட்டி ஹராம்" என்பார்கள். பாதிப் பேர் அதைச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு மாதிரி நினைத்துவிட்டுப் போகிறோம். உள்ளே ஒரு பெரிய பொருளாதாரக் கருத்து இருக்கிறது.

குர்ஆன் வியாபாரத்தை அனுமதித்து, வட்டியைத் தடுக்கிறது. இரண்டிலும் லாபம்தானே, என்ன வித்தியாசம்? வியாபாரத்தில் பணம் போட்டவனும் நஷ்டத்துக்குத் தயாராக இருக்கிறான். வட்டியிலோ பூ வாடினாலும், மழை கொட்டினாலும், கடன் வாங்கியவன் காய்ச்சலில் படுத்தாலும், கொடுத்தவனுக்கு வரவேண்டியது வந்தே தீர வேண்டும். நஷ்டம் முழுக்க ஒருத்தர் தலையில்! நபிகள் நாயகம் தமது இறுதிப் பேருரையில் வட்டியை ரத்து செய்தபோது, முதலில் ரத்து செய்தது தம் சொந்தச் சிறிய தந்தை அப்பாஸுக்கு வரவேண்டிய வட்டியைத்தான். சீர்திருத்தம் தன் வீட்டிலிருந்து தொடங்கியது என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு மாற்று வழியும் உண்டு. 'முளாரபா' என்றால் ஒருவர் பணம், இன்னொருவர் உழைப்பு. லேத் வாங்கப் பணம் நண்பர் போடுகிறார், நான் ஓட்டுகிறேன். லாபத்தைப் பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்கிறோம். என் தவறு இல்லாமல் நஷ்டம் வந்தால் பணம் அவருக்குப் போகும், என் உழைப்பு எனக்குப் போகும். 'கர்ளன் ஹஸனா' என்றால் அழகிய கடன்: கொடுத்த தொகை மட்டும் திரும்ப வந்தால் போதும்.

எல்லாம் சரி, குறையே இல்லையா? இருக்கிறது. 'முராபஹா' முறையில் வங்கி 50,000 ரூபாய்க்கு மிஷின் வாங்கி, நமக்கு 56,000க்குத் தவணையில் விற்கும். "இதுவும் வேற பேர்ல வட்டிதானே" என்று முஸ்லிம் அறிஞர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் 56,000 என்பது முதல் நாளே முடிவான விலை. தாமதமானால் குட்டி போட்டு வளராது. நம் நாட்டில் ரகுராம் ராஜன் குழு 2008ல் வட்டியில்லா வங்கி முறையைப் பரிசீலிக்கச் சொன்னது. 2017ல் ரிசர்வ் வங்கி அதைத் தொடரப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டது.

என் கருத்து இதுதான்: எல்லா வட்டியும் பாவம் என்று நான் சொல்லவில்லை. நம்மில் பலர் படிப்பதே வங்கிக் கடனில்தான். ஆனால் எந்தக் கடனையும் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்க வேண்டும்: "நஷ்டம் வந்தா யார் தலையில?"

இன்னொரு எம்.ஆர்.பி.!

நாளைக்கு நம்மில் சிலர் கப்பலூரிலோ கே.புதூரிலோ சொந்தப் பட்டறை போடப் போகிறோம். அப்போது இன்னொரு பாடமும் வேண்டும். எம்.ஆர்.பி. என்றால் பிஸ்கட் பாக்கெட்டில் அச்சடித்த விலை இல்லை! 1960களில் அமெரிக்காவில் ஜோசப் ஆர்லிக்கி என்ற பொறியாளர் உருவாக்கிய 'மூலப்பொருள் தேவைத் திட்டம்'. விஷயம் சுலபம். ஒரு சைக்கிளுக்கு முன் சக்கரத்தில் 32, பின் சக்கரத்தில் 40, ஆக 72 ஸ்போக்ஸ். நூறு சைக்கிளுக்கு 7,200. கையிருப்பு 2,000 என்றால் வாங்க வேண்டியது 5,200 மட்டும். அதுவும் தேவைப்படும் தேதிக்கு. இந்தக் கணக்கோடு ஆள், மிஷின், பணம், விற்பனை எல்லாவற்றையும் ஒரே பேரேட்டில் இணைத்ததைத்தான் 1990 முதல் ஈ.ஆர்.பி. என்கிறார்கள்.

"வட்டிக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது. பட்டறைக்காரர் ஒருவர் 2,000 ரூபாய் தள்ளுபடி கிடைக்கிறதென்று, மூணு வட்டிக்கு 40,000 வாங்கி இரும்பு ராடு அடுக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் வர நாலு மாசம் ஆகிறது. மாசம் 1,200 வீதம் வட்டி 4,800. தள்ளுபடி போக 2,800 நஷ்டம்! மூலையில் துருப்பிடிப்பது இரும்பு மட்டுமல்ல, பணமும்தான். கம்ப்யூட்டர் வேண்டியதில்லை, நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். என்ன இருக்கிறது, என்ன தேவை, எப்போது தேவை, பணம் எப்போது வரும்? இந்த நாலையும் எழுதுகிறவன் வட்டிக்காரர் வாசலுக்குப் போவது பாதி குறையும்.

மீதிப் பாதிக்கு?

மீதிப் பாதிக்குக் கணக்கு மட்டும் போதாது, கூட்டு வேண்டும். அந்தப் பூக்கார அம்மா தினம் 20 ரூபாய் எடுத்து வைத்தால் 45 நாளில் 900 சேர்ந்துவிடும். சொல்வது சுலபம்! ஒரு நாள் மழை, ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த உண்டியல் காலி. தனி ஆளின் உண்டியல் உடையும். இருபது பேர் உண்டியல் அவ்வளவு சீக்கிரம் உடையாது.

இதற்குச் சாட்சி நம் பக்கத்திலேயே இருக்கிறார். அழகர்கோவில் போகிற வழியில் உள்ள புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மா. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி. களஞ்சியம் மகளிர் குழுக்கள் மூலம் சிறுகச் சிறுகச் சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து, ஊர்ப் பெண்களைக் கந்து வட்டியிலிருந்து மீட்க உழைத்தவர். டெல்லியில் விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019ல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. களஞ்சியத்திலும் வட்டி உண்டு. ஆனால் அது வெளியே போகாமல் கட்டியவர்களிடமே திரும்பி வருகிறது. அதுதான் வித்தியாசம்.

கடைசியாக, நம் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. பரீட்சைக் கட்டணம் கட்ட கடைசித் தேதி வரும்போதெல்லாம் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பெஞ்சு மௌனமாகிறது. "வீட்டுல பத்து வட்டிக்கு வாங்கித் தந்தாங்கடா" என்று சொல்லும் நண்பன் தலை குனிந்துதான் சொல்கிறான். சொல்லாமலே நின்றுவிட்டவர்களும் உண்டு. மாசம் பத்து ரூபாய், 300 பேர் கொடுத்தால் 3,000. பத்து மாசத்தில் 30,000. ஒரு வடைக் காசு! அதைக் கட்டண நிதியாக வைப்போம். வட்டி கிடையாது. அடுத்த செமஸ்டருக்குள் திருப்பித் தர வேண்டும். வரவு செலவு மாசாமாசம் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். வாங்கியவர் பெயர் மட்டும் ஒட்டக்கூடாது.

மேலே பூக்கார அம்மா ஒரு வருஷத்தில் கட்டிய வட்டியும் அதே 30,000தான் என்பதை மறந்துவிடாதீர்கள். அங்கே ஒருவரின் உழைப்பை விழுங்கிய அதே தொகை, இங்கே பலரின் படிப்பைக் காப்பாற்றும். முதல் பத்து ரூபாயை நான் தருகிறேன். இரண்டாவது யார்?