கிழிக்கக் கூடாத பக்கம்



உலகத்தின் தபால்தலைகள் அனைத்தையும் ஒரு மனிதன் தன் ஆயுட்காலத்தில் சேர்த்து முடிக்க இயலாது. ஆகவே அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் ஒரே ஒரு நாட்டைத் தெரிந்துகொண்டு, அதன் முதல் தபால்தலை தொடங்கி ஆண்டு வரிசையில் ஆல்பத்தை நிரப்புகிறார்கள். அப்படி ஜெர்மனியைத் தெரிந்துகொண்டவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஒரு கேள்வி எழாமல் இராது. ஹிட்லரின் முகம் பதித்த தபால்தலைகளை ஆல்பத்தில் வைக்கலாமா? அவற்றைத் தொடவே கூடாது என்பார் உண்டு. அரிய பொருளென்று பெருமையோடு காட்டி மகிழ்வாரும் உண்டு. இவ்விரு வழிகளும் தவறானவை என்பதே என் கருத்து. அந்தப் பக்கம் ஆல்பத்தில் இருக்க வேண்டும். ஆனால் அதற்குரிய இடத்தில், அதற்குரிய விளக்கத்தோடு இருக்க வேண்டும்.

ஜெர்மன் மண்ணின் முதல் தபால்தலையை 1849 நவம்பர் 1 அன்று பவேரியா வெளியிட்டது. ஒரு குரூட்சர் மதிப்புள்ள, கறுப்பு நிறத்தில் அச்சான எளிய தலை அது. 1872 முதல் ஒன்றுபட்ட ஜெர்மன் பேரரசின் தலைகள் வருகின்றன. பின்பு 1923-ஆம் ஆண்டின் பக்கம் வருகிறது. அச்சிட்ட மதிப்பை அடித்து மேலே புதிய மதிப்பை அச்சிடுகிறார்கள். சில நாட்களில் அதுவும் போதாமற்போகிறது. முடிவில் 5,000 கோடி மார்க் மதிப்புள்ள தபால்தலையும் வந்துவிடுகிறது. புதிய நாணயம் வந்தபோது, ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு புதிய மார்க் என்று கணக்கிட்டார்கள். வாழ்நாளெல்லாம் சிறுகச் சிறுகச் சேமித்தவர்களின் பணம் அஞ்சல் செலவுக்கும் ஆகாத காகிதமாயிற்று. அந்த மக்களின் உள்ளத்தில் ஊறிய கசப்பை அறியாதவன், பத்தே ஆண்டுகளில் அவர்கள் எப்படிப்பட்டவனுக்குச் செவிசாய்த்தார்கள் என்பதையும் அறியமாட்டான்.

அடுத்து வருவது நாம் பேசவந்த பக்கம். மினியேச்சர் ஷீட் என்பது ஒரு நிகழ்வையோ மனிதரையோ சிறப்பிக்கும்பொருட்டு, சில தபால்தலைகளைச் சுற்றி அகன்ற ஓரம் விட்டு அச்சிடப்படும் சிறு தாள். கடிதத்தில் ஒட்டுவதைக் காட்டிலும் பாதுகாத்து வைப்பதற்காகவே பெரும்பாலோர் அதை வாங்குகிறார்கள். ஓர் அரசு தன்னைப் பற்றி உலகம் எதை நினைவில் வைக்க வேண்டுமென்று விரும்புகிறதோ, அதை அந்தத் தாளில் காணலாம். 1937-இல் ஹிட்லரின் 48-ஆம் பிறந்தநாளை ஒட்டி, அவனுடைய உருவம் தாங்கிய நான்கு தபால்தலைகள் கொண்ட ஷீட் வெளியிடப்பட்டது. ஒரு மனிதனைத் தொழுகைக்குரியவனாக்க அஞ்சல் துறையும் எப்படிப் பயன்பட்டது என்பதற்கு அது சாட்சி.

1945 மே மாதத்தில் போர் முடிந்தது. அப்போது சாக்சனிப் பகுதியில் ஒரு சங்கடம் எழுந்தது. அஞ்சலகங்களில் மிச்சமிருந்தவை ஹிட்லரின் தலைகளே. வேறு தலைகள் அச்சாகி வரவில்லை. ஆகவே பல ஊர்களில் கார்க்குத் துண்டு போன்றவற்றில் கறுப்பு மையைத் தொட்டு, அந்த முகத்தின்மேல் அழுத்தி மறைத்து விற்றார்கள். அந்தத் தலைகளை இன்றும் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள். மையைப் பார்க்கிற எவருக்கும் அதன் கீழே இருப்பது யார் என்று தெரிகிறது. நேற்றுவரை பணிந்து வணங்கியதை இன்று கறுப்பு மையால் மூடிவிட்டால், வணங்கிய கணக்குத் தீர்ந்துவிடுமா? மறைப்பது வேறு, மனந்திரும்புவது வேறு.

மனந்திரும்புதலின் தடங்கள் பின்வந்த பக்கங்களில் மெல்லத் தென்படுகின்றன. 1949 டிசம்பரில் மேற்கு ஜெர்மனி, மனிதகுலத்துக்கு உதவியவர்களின் நினைவாக நான்கு தலைகளை வெளியிட்டது. அவற்றுள் ஒன்றில் இருப்பவர் யோகான் ஹின்ரிச் விகர்ன். 1833-இல் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கிய இறைத்தொண்டர் அவர். அந்தப் பிள்ளைகளுக்காக 1839-இல் அவர் ஏற்றிவைத்த மெழுகுவர்த்தி வளையமே, இன்று நாம் அட்வெந்து நாட்களில் ஆலயத்தில் வைக்கும் வளையத்துக்கு மூலம். அந்தத் தலையில் 30+15 என்று மதிப்புக் குறிக்கப்பட்டிருக்கும். 30 பெனிக் அஞ்சலுக்கு. 15 பெனிக் எளியோருக்கு.

1964 ஜூலை 20 அன்று வெளியான மினியேச்சர் ஷீட்டை 1937-இன் ஷீட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சியின் 20-ஆம் ஆண்டு நினைவு அது. அதில் எட்டு முகங்கள். துண்டுப் பிரசுரம் விநியோகித்ததற்காக 21 வயதில் கொல்லப்பட்ட மாணவி சோஃபி ஷோல், போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், கத்தோலிக்கக் குரு ஆல்ஃபிரட் டெல்ப், படைத்தலைவர் பெக், மேயராயிருந்த கோர்டலர், தொழிற்சங்கத் தலைவர் லொய்ஷ்னர், மோல்ட்கே, ஷ்டவுஃபன்பெர்க். முந்திய தாளில் ஒரே முகம் நான்கு முறை. இதில் எட்டு முகங்கள், ஒவ்வொன்றும் ஒரே மதிப்பில், 20 பெனிக். முந்திய தாளை ஆல்பத்திலிருந்து எடுத்துவிட்டால், இந்த எட்டுப் பேர் எதை எதிர்த்து மரித்தார்கள் என்று பிள்ளைகளுக்கு எப்படி விளங்கும்?

இந்த நல்ல தாளிலும் ஒரு குறை உண்டு. 1939 நவம்பர் 8 அன்று மியூனிக் நகரில் தனியொருவனாய்க் குண்டு வைத்து ஹிட்லரை வீழ்த்த முயன்ற தச்சுத் தொழிலாளி கியோர்க் எல்சர் அதில் இல்லை. போன்ஹோஃபர் கொல்லப்பட்ட அதே 1945 ஏப்ரல் 9 அன்றுதான் எல்சரும் வேறொரு முகாமில் கொல்லப்பட்டார். போதகருக்கு 1964-இல் கிடைத்த தபால்தலை, தச்சருக்கு 2003-இல்தான் கிடைத்தது. ஒரு நாட்டை மட்டும் தெரிந்துகொண்டு ஆண்டு வரிசையில் பொறுமையாய்ச் சேர்க்கிறவர், யார் எப்போது நினைக்கப்பட்டார் என்பதோடு, யார் எத்தனை காலம் மறக்கப்பட்டார் என்பதையும் கண்டுகொள்ளுகிறார்.

பிரியமானவர்களே, வேதத்தில் இராஜாக்களின் வரலாறு எழுதப்பட்டிருக்கும் முறையும் இதுவே. எசேக்கியாவுக்கும் யோசியாவுக்கும் நடுவே மனாசேயும் ஆமோனும் இருக்கிறார்கள். அவர்களுடைய அக்கிரமம் மறைக்கப்படவில்லை, மெச்சப்படவும் இல்லை. அந்த இருவரின் காலத்தை நீக்கிவிட்டால், யோசியா எதைத் தகர்த்தான், ஏன் தகர்த்தான் என்பது நமக்குப் புரியாது.

அப்படியானால் தீயவனின் படத்தை வீட்டில் வைப்பது அவனுக்கு மரியாதை செய்வதாகாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவது மரியாதை. பெரும் விலை கொடுத்துப் போட்டியிட்டு வாங்குவது அவன்மேலுள்ள மோகத்துக்குத் தீனி போடுவது. ஆண்டு வரிசையில், எளிய விலையில் கிடைக்கும் ஒரு தலையை ஒட்டி, அதன் கீழே நடந்ததை இரண்டு வரியில் எழுதி, அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொல்வது சாட்சி. இவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது நம் கடமை.

இது தபால்தலைகளோடு முடிகிற காரியமும் அல்ல. ஜெர்மனியில் ஹிட்லரை வாழ்த்தியவர்களில் சபையாரும் போதகர்களும் அநேகர். போன்ஹோஃபர் சிறுபான்மையின் பக்கம் நின்றவர். நம்முடைய சபைகள் நூற்றாண்டு மலர் வெளியிடும்போது, கட்டின ஆலயங்களையும் ஊழியம் செய்த ஐயர்மாரையும் வரிசையாய் அச்சிடுகிறோம். பிரிவினையால் ஆராதனை நின்ற ஆண்டுகளுக்கும், சாதியின் பெயரால் சகோதரரைத் தனி வரிசையில் உட்காரவைத்த காலங்களுக்கும் அந்த மலர்களில் இடம் இருக்கிறதா? அடுத்த மலரைத் தொகுப்போர் அவற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கட்டும். நம் பிள்ளைகள் அதை வாசித்து வெட்கப்படுவார்கள். வெட்கப்படக் கற்ற தலைமுறை, அதே தவறை மறுபடியும் செய்யத் தயங்கும்.

கர்த்தர்தாமே உண்மையை நினைவில் வைக்கும் துணிவை நமக்குத் தந்தருள்வாராக.