வெட்டுப்புள்ளி எதனை அளக்கிறது?

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் நாளில் நம்மவர் இல்லங்களிலே எழும் மகிழ்ச்சியையும் வடியும் கண்ணீரையும் நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் அப்பெறுபேற்றின் உண்மைப் பொருளை அறிந்த பெற்றோர் எத்தனை பேர்? மூன்று பாடங்களிற் சித்தியும், பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும் பெற்ற மாணவர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதியை மட்டுமே பெறுகின்றார். தகுதி வேறு, அனுமதி வேறு. தகுதி பெற்றோரிற் பெரும்பகுதியினர் ஆண்டுதோறும் வாயிலுக்கு வெளியிலேயே நிற்கின்றனர்.

உள்ளே செல்வோர் யார் என்பதைத் தீர்மானிப்பது இசட் புள்ளி. இம்முறை 2001ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருந்து வருகின்றது. ஒருவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலால் வகுத்தால் வருவது அது. உதாரணமாக, ஒரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 15 எனக் கொண்டால், 70 எடுத்தவரின் இசட் புள்ளி 2. இன்னொரு பாடத்தின் சராசரி 55, நியம விலகல் 10 எனின், அதே 70க்குக் கிடைப்பது 1.5 மாத்திரமே. கடினமான பாடத்தைக் கற்றவர் நட்டமடையாதிருக்க இக்கணக்கு உதவுகின்றது. முறையில் நியாயமுண்டு. எனினும் கணக்கும் தவறக் கூடும். 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களில் தோற்றியோரை ஒன்றாகக் கலந்து கணித்தமையை மாணவர் எதிர்த்தனர். 2012இல் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தனித்தனியே கணிக்கச் செய்தது.

இசட் புள்ளி கிடைத்த பின்னரும் கதை முடிவதில்லை. மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. ஒரு மாவட்டத்தில் இறுதியாகத் தெரிவான மாணவரின் புள்ளியே அம்மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி.

இந்த ஏற்பாட்டைத் தமிழ் மக்கள் ஐயத்தோடு நோக்குவது இயல்பே. 1971ஆம் ஆண்டு அனுமதியின்போது பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளி போதுமாயிருக்க, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டப்பட்டது. அந்தத் தரப்படுத்தலின் வடு ஒரு தலைமுறையின் உள்ளத்திலே ஆழப் பதிந்தது. ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. 1974இல் வந்த மாவட்ட முறை யாழ்ப்பாணத்து மாணவரை வருத்தியபோதே, மன்னாரிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் பயின்ற தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்கு அதுவரை மூடியிருந்த கதவைத் திறந்தும் விட்டது. மொழியைக் கொண்டு பிரித்தது அநீதி. வசதியீனத்தைக் கண்டு கைகொடுப்பது அநீதியன்று.

ஆகவே எமது வினா, மாவட்டப் பங்கு வேண்டுமா வேண்டாமா என்பதன்று. அது உரியவரைச் சென்றடைகின்றதா என்பதே. விஞ்ஞான, கணிதப் பிரிவுகளில் உயர்தர வகுப்புகள் 1ஏபி வகைப் பாடசாலைகளிலே நடைபெறுகின்றன. 1சீ வகையிலே கலையும் வர்த்தகமுமே உண்டு. நெடுந்தீவின் மாணவியும் யாழ் நகரத்துப் பெரிய கல்லூரியின் மாணவியும் ஒரே மாவட்டம். நுவரெலியா நகரத்துப் பிள்ளையும் தேயிலைத் தோட்டத்து லயத்திலே வளரும் பிள்ளையும் ஒரே மாவட்டம். ஆய்வுகூடமும் தனியார் வகுப்பும் உடைய பிள்ளையும், பௌதிகத்துக்கு ஆசிரியரே இல்லாத பிள்ளையும் ஒரே பட்டியலில் நிற்கும்போது, பின்தங்கியோரின் பெயரால் வரும் இடத்தை முன்னேறியோர் பெறுவதில் வியப்பென்ன? வயலுக்குப் பாயவேண்டிய நீரை வாய்க்கால் தலைப்பில் உள்ளவரே மறித்துக்கொண்டால், கடைமடைக் கமக்காரனின் கதி என்ன?

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. ஆசிரிய இடமாற்றத்துக்கென அரசாங்கமே பாடசாலைகளைக் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என வகுத்து வைத்திருக்கின்றது. அந்த 5 வீதத்தை மாவட்டத்துக்கு வழங்காமல், இப்பாடசாலைகளிற் பல்லாண்டு தொடர்ந்து கற்ற பிள்ளைகளுக்கு வழங்குக. கடைசி வருடத்திலே பெயரை மாற்றிப் பதிந்துகொண்டு வருவோருக்கு அதில் இடமளிக்கற்க. அத்துடன் ஒவ்வொரு கல்வி வலயத்திலும் கணித, விஞ்ஞான ஆசிரியரைக் கடைக்கோடிப் பாடசாலையிலிருந்து நிரப்பத் தொடங்குக.

திறமை ஒன்றே அளவுகோலாக வேண்டும் என்போர் நம்முள்ளும் உளர். அவர்களைக் கேட்கின்றோம்: ஆசிரியர் இல்லாத வகுப்பிலிருந்து 1.5 பெற்றவரும், எல்லா வசதியும் வாய்த்து 1.8 பெற்றவரும் தத்தம் முயற்சியால் ஏறிய உயரம் எது? வெட்டுப்புள்ளி பிள்ளையை மட்டும் அளப்பதில்லை; அப்பிள்ளைக்கு நாம் கொடுத்த பாடசாலையையும் சேர்த்தே அளக்கின்றது. குறைந்த புள்ளி வரும் இடங்களிலே தோற்றுப்போனது பெரும்பாலும் பிள்ளையன்று.

மருத்துவராயும் பொறியியலாளராயும் ஆசிரியராயும் உயர்ந்த அன்பர்கள் தாம் பிறந்த கிராமத்துப் பாடசாலையைத் திரும்பிப் பார்ப்பார்களாக. சாதாரணதரம் முடிந்த பின் பிள்ளை எப்பிரிவிற் சேர்கின்றது, அப்பாடத்துக்கு ஆசிரியர் உண்டா என்பதைக் கமக்காரப் பெற்றோர் அதிபரிடம் நேரிற் கேட்பார்களாக. இல்லையென்ற பதில் வந்தால் வலயக் கல்விப் பணிமனையின் வாயிலில் ஊராகச் சென்று நிற்பார்களாக. கேளாத உரிமை தானாக வந்ததில்லை.